உள்ளே முப்பது

ஏழு குழாய்கள் கிடந்தன. ஆறுதான் இருந்திருக்க வேண்டும். கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றின் மேலும் கை வைத்து மறுபடி எண்ணினேன். பகல் மூன்று மணி வெயிலில் இரும்பு சுட்டது. கண்தான் ஏமாற்றுகிறதோ என்று எதிர்ப்பக்கம் போய்க் கடைசியிலிருந்து முதலுக்கு எண்ணினேன். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் ஏழுதான் வந்தது. ஆறு குழாய்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஏழாவது மட்டும் தள்ளி, கைப்பிடிக் கம்பியோரமாக, பாதி தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. தார்ப்பாயை விலக்கினேன். கழுத்தில் சிவப்பு வளையம். பக்கத்தில் வெள்ளை பெயிண்டில் முப்பத்தொன்று. இரண்டையும் எழுதியது வேறு யாருமில்லை, நான்தான்.



கடலுக்கு நடுவே மூன்று இரும்புக் கால்களில் நின்று, எண்ணெய்க்காகக் கடலடி மண்ணைத் துளைக்கும் ரிக் எங்களுடையது. அதில் என் வேலை குழாய்களை அளந்து, எண் போட்டு, எத்தனை உள்ளே போயிற்று, எத்தனை வெளியே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது. ‘எண்ணுறதுக்கு ஒரு ஆளா’ என்று பெண் பார்க்கப் போன அன்றே மாமனார் சிரித்தார். சிரிக்கக்கூடிய வேலைதான். ஆனால் ஓட்டையின் அடியில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க யாராலும் முடியாது. ஒரு குழாய் பன்னிரண்டு மீட்டர். உள்ளே இத்தனை குழாய், ஆகவே இத்தனை மீட்டர் ஆழம். திரையில் பச்சை எழுத்தில் ஓடும் ஆழமும் நாங்கள் கொடுக்கிற எண்ணை நம்பித்தான் ஓடுகிறது. நாங்கள் ஒன்றைக் கூட்டிச் சொன்னால் அதுவும் பவ்யமாகக் கூட்டிக் காட்டும்.

இப்போது எல்லோரும் உள்ளே ஐம்பத்திரண்டு குழாய் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் ஐம்பத்தெட்டு, மிச்சம் ஆறு. மிச்சம் ஏழு என்றால் உள்ளே ஐம்பத்தொன்றுதான். அறுநூற்று இருபத்துநான்கு மீட்டரில் நிற்க வேண்டியது அறுநூற்றுப் பன்னிரண்டில் நிற்கிறது. கெட்டிப் பாறை தொடங்குவதோ அறுநூற்றுப் பதினாறில். அதாவது எங்கள் குழாயின் முனை பாறையைத் தொடவேயில்லை. அதற்கு மேலே இருக்கிற பொலபொலத்த மண்ணில், கால் ஊன்றாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் நாற்பது நிமிடத்தில் அதைச் சுற்றிச் சிமெண்ட் ஊற்றப் போகிறார்கள். சிமெண்ட் போய்விட்டால் அப்புறம் தலைகீழாக நின்றாலும் குழாயை அசைக்க முடியாது. அந்த மண்ணில் நிற்கிற சிமெண்ட் எவ்வளவு நாள் தாங்கும் என்பது இந்த ரிக்கில் எல்லோருக்கும் தெரியும். ஏனென்றால் இதே மண்ணில் ஏற்கனவே இரண்டு ஓட்டைகளைப் பறிகொடுத்திருக்கிறோம்.

வழக்கமான முறை இப்படி: மெல்லிய துளைக்குழாயின் முனையில் பல்வைத்த உளியை மாட்டி, சுழற்றி, ஆழம் வரை போவோம். பிறகு அத்தனையையும் ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கழற்றி அடுக்கிவிட்டு, சுவர் இடியாமலிருக்கக் கேசிங் என்கிற பெரிய குழாயை இறக்குவோம். இழுப்பதற்கும் இறக்குவதற்கும் நடுவே ஒன்றரை நாள் ஓட்டை வெறுமனே நிற்க வேண்டும். அந்த மண் ஒன்றரை மணி நேரம்கூட நிற்கவில்லை. முதல் ஓட்டை மூடிக்கொண்டது. இரண்டாவது, இழுத்துக்கொண்டிருக்கும்போதே குழாயைக் கவ்விக்கொண்டது. குழாய் அறுந்து பாதி உள்ளேயே தங்கிவிட்டது.

மூன்றாவது முறைக்கு ஒரு பெண் எஞ்சினியரை அனுப்பினார்கள். மேடம் என்று கூப்பிடுவோம். எதற்கெடுத்தாலும் வெள்ளைப் பலகையில் படம் போடுவதால் முதுகுக்குப் பின்னால் டீச்சர். மேடம் சொன்னது எளிமையாக இருந்தது. கேசிங் குழாயின் முனையிலேயே உளியை மாட்டுவோம், கேசிங்கையே சுழற்றித் துளைப்போம். போய்ச் சேர்ந்ததும் இழுக்க வேண்டியதில்லை, குழாய் அங்கேயே இருக்கும், சிமெண்ட் ஊற்றினால் வேலை முடிந்தது. ஓட்டை ஒரு நிமிடம்கூட வெறுமனே நிற்காது. அது மட்டுமில்லை, அவ்வளவு பெரிய குழாய் உரசிக்கொண்டே சுழலும்போது வெட்டிய தூளையே அரைத்துச் சுவரில் பூசி மெழுகிவிடும், சுவர் இறுகும். இதைக் கேட்டதும் பின்வரிசையிலிருந்து, “பூசி மெழுகுறதுக்கு எங்க ஆபீஸே போதுமே மேடம்” என்று ஒரு குரல் வந்தது. மேடமே சிரித்துவிட்டார்.

சொன்னது என் மச்சான். என் மனைவியின் அண்ணன். பகல் ஷிப்ட் டிரில்லர். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து குழாயைச் சுழற்றுவதும் நிறுத்துவதும் அவன் கைதான். இரண்டாவது ஓட்டையில் குழாய் அறுந்தபோதும் அதே கைதான் இருந்தது.

அந்த முறை விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது, சாப்பிட்டுக்கொண்டே வாய் சும்மா இராமல் மனைவியிடம் ஒன்று சொன்னேன். “பத்து நிமிஷம் பொறுத்திருந்தா வந்திருக்கும். உங்க அண்ணனுக்கு எப்பவும் அவசரம், கையை நம்பிக் கெட்டான்.” அதை நான் நிஜமாக நம்பினேனா என்று கேட்டால், இல்லை. வீட்டில் கொஞ்சம் பெரிய மனிதனாக இருக்க ஆசை, அவ்வளவுதான். அவள் மனது கேட்காமல் அண்ணனுக்குப் போன் போட்டு, அப்படியா அண்ணா நடந்தது என்று கேட்டிருக்கிறாள். அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் இரண்டு நாளில் தீர்ந்திருக்கும். அடுத்த முறை ரிக்கில் பார்த்தபோது, “வாங்க சார்” என்றான். பன்னிரண்டு வருடமாக மாப்ள, வாடா போடா என்று கூப்பிட்டவன். அந்த மரியாதை போல என்னை யாரும் அடித்ததில்லை. நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நான்கு மாதம் ஓடிவிட்டது.

போன வாரம் மனைவி போனில் அழுதாள். “அண்ணன் ராஜினாமா லெட்டர் எழுதி பாக்கெட்லயே வெச்சிருக்காராம். இதுவும் போச்சுன்னா கொடுத்துட்டு வந்துடுவேங்கிறாரு. நீங்க ஒரு வார்த்த பேசக் கூடாதா?” பார்க்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கண்ணாடிக்கு வெளியிலிருந்து.

எங்கள் ரிக்கில் ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் மாறும்போது குழாய் எண்ணுகிறவன் மேலே ஏறிப்போய், டிரில்லரின் முகத்துக்கு நேரே நின்று, “உள்ளே முப்பது” என்று சொல்ல வேண்டும். அவன் திருப்பி, “உள்ளே முப்பது” என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அது முடியாமல் டிரில்லர் லீவரைத் தொடக் கூடாது. நாங்கள் பேசாமல் போனதிலிருந்து இதற்கும் ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டோம். அறைக்கு வெளியே தொங்கும் கரும்பலகையில் நான் எழுதிவிட்டு இறங்கிவிடுவேன். அவன் வந்து படித்துக்கொள்வான்.

இன்று காலை ஆறு மணி. இரவு ஷிப்ட் டிரில்லர் முப்பது குழாய்களை இறக்கியிருந்தார். முப்பத்தொன்றாவது கிரேனில் தொங்குகிறது, மாட்ட வேண்டியதுதான் என்று மச்சானிடம் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். மச்சான் கீழே காலைக் கூட்டத்தில் இருந்தான். அந்தப் பத்து நிமிடத்தில்தான் முப்பத்தொன்றின் முனைத் திருகுமரையில் ஒரு வெட்டு என் கண்ணில் பட்டது. மாட்டினால் ஒழுகும். இறக்கி ஓரமாகப் போடச் சொன்னேன், சிவப்பு வளையம் போட்டேன், தார்ப்பாயை இழுத்துவிட்டேன். மேலே போய்ப் பலகையில் “அடுத்து 32” என்று எழுதினேன். எனக்கு அது தெளிவாக இருந்தது. கூட்டம் முடிந்து வந்தவன் என்ன நினைப்பான்? தொங்கிக்கொண்டிருந்ததை உதவி டிரில்லர் உள்ளே இறக்கிவிட்டான், அடுத்தது முப்பத்திரண்டு. போதாக்குறைக்குக் காலையில் திரை ஒருமுறை அணைந்து எரிந்தது. ஆழத்தைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. அவன் முப்பத்தொன்று என்று போட்டுவிட்டான். மதியம் நான் என் ஏட்டில் எழுதும்போதாவது பிடித்திருக்க வேண்டும். சோம்பேறித்தனம். பலகையில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதினேன்.

தார்ப்பாயின் நுனியைப் பிடித்தபடி நின்றேன். நான் எவ்வளவு யோக்கியன் என்பதை அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொண்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று மனது தானாகவே ஓடிப்போய்ப் பார்த்தது. சிமெண்ட் போகும். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ முனையில் சிமெண்ட் பிளக்கும். மூன்றாவது ஓட்டையும் போகும். ஆழத்தைத் திரையில் போட்டது யார்? டிரில்லர். கையெழுத்து யாருடையது? டிரில்லருடையது. கேசிங்கைச் சுழற்றும்போது தூள் மாவாக அரைபட்டுச் சேற்றுநீரோடு மேலே வருவதால், அதை வடிக்கிற சல்லடையில் பார்த்து இது பாறையா மண்ணா என்று யாரும் அடித்துச் சொல்லவும் முடியாது. என்னை ஒருவரும் கேட்க மாட்டார்கள். மூன்றாவது முறையும் அவன் கைதான் என்பார்கள். அவன் பாக்கெட்டிலிருந்து லெட்டரை எடுப்பான். இதையெல்லாம் யோசித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் யோசித்தேன்.

பிறகு படியேறினேன். நாற்பத்தாறு படிகள், அதையும் எண்ணினேன், பழக்க தோஷம்.

கண்ணாடி அறைக்குள் அவன் மட்டும் இருந்தான். சிமெண்டுக்கு முன்னால் ஓட்டையைக் கழுவுவதற்காகச் சேற்றுநீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அளவுமானியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கதவு திறந்த சத்தத்துக்கு, “சொல்லுங்க சார்” என்றான், திரும்பாமலே.

“மச்சான், உள்ள அம்பத்தொண்ணுதான் இருக்கு.”

“போர்டுல அம்பத்திரண்டு.”

“போர்டு தப்பு. முப்பத்தொண்ணு கீழ கெடக்கு. காலைல நான்தான் ஒதுக்கினேன். உன்கிட்ட வந்து சொல்லல.”

அப்போதுதான் திரும்பினான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன், இரண்டு அறை விட்டாலும் வாங்கிக்கொள்வதாக இருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, தன் வலது கையை விரித்துப் பார்த்தான்.

“மத்தியானத்துலேர்ந்து எனக்கும் தோணிக்கிட்டேதான் இருந்துச்சு,” என்றான். “கல்லுல குழாய் இப்படிச் சுத்தாதுன்னு. மேடம்கிட்ட சொல்லலாம்னு ரெண்டு தடவ போனை எடுத்தேன். சொல்ல வாய் வரல. கையை நம்பிக் கெட்டவன்தான நானு.”

அது என் வாக்கியம். என் சாப்பாட்டு மேசையிலிருந்து கிளம்பி, கடலைத் தாண்டி, இந்தக் கண்ணாடி அறைக்கு வந்து நான்கு மாதமாக அவனோடு உட்கார்ந்திருக்கிறது. அறுநூறு மீட்டர் இரும்பின் நுனியில் இருப்பது மண்ணா கல்லா என்று உள்ளங்கையால் சொல்லக்கூடிய ஒரே ஆளின் வாயை நான் அடைத்துவிட்டுப் போயிருக்கிறேன். ஒரு குழாயைக் கணக்கில் விட்டதுகூடப் பெரிதில்லை என்று தோன்றியது.

“அத நான் சும்மா சொன்னேன் மச்சான்,” என்றேன். “வீட்ல பெரிய ஆளாக்கும்னு காட்டிக்க. அன்னிக்கு உன் எடத்துல யார் இருந்தாலும் குழாய் அறுந்துதான் இருக்கும்.”

அவன் போனை எடுத்து மேடத்தைக் கூப்பிட்டான். ஒரு குழாய் குறையுது மேடம், சிமெண்ட நிறுத்தச் சொல்லுங்க. அவ்வளவுதான் சொன்னான். யாரால் குறைகிறது என்று சொல்லவில்லை.

மேடம் மூச்சிரைக்க வந்தார். மூன்று பேரும் கீழே போய்ச் சிவப்பு வளையத்தைப் பார்த்தோம். நான் ஒன்று விடாமல் ஒப்பித்தேன்: பலகை, “அடுத்து 32”, மதியம் பார்த்து எழுதியது எல்லாம். எத்தனை தடவை எண்ணினீர்கள் என்று கேட்டார். மூன்று என்றேன். குனிந்து தானும் ஒரு தடவை எண்ணிக்கொண்டார். ஏன் நேரே போய்ச் சொல்லவில்லை என்ற கேள்விக்கு மட்டும் நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். மேடம் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதைச் சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்றார்.

“இப்ப என்ன, இன்னொரு குழாய் மாட்டுங்க. சுத்துங்க. உளி அங்கதான இருக்கு.”

அது வரைக்கும் எனக்கு அது உறைக்கவேயில்லை. பழைய முறையின் பயத்தையே சுமந்துகொண்டு நின்றிருக்கிறேன். பழைய முறையாக இருந்தால் உளி எப்போதோ மேலே வந்து துடைத்து வைக்கப்பட்டிருக்கும். வெறும் குழாய் பன்னிரண்டு மீட்டர் குறைவாக நின்றுகொண்டிருக்கும். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இங்கே குழாயேதான் துளைக்கிறது. குறைந்தால் இன்னொன்றை மாட்டி மேலே போகலாம், அதாவது கீழே போகலாம். கையுறையை மாட்டிக்கொண்டேன்.

ஐம்பத்துமூன்றாம் எண் குழாயின் மரையை நானே துடைத்துக் கிரீஸ் தடவினேன். கிரேன் அதைத் தூக்கியது. நான் மறுபடி நாற்பத்தாறு படி ஏறினேன். அவன் முகத்துக்கு நேரே போய் நின்றேன்.

“இப்ப போறது அம்பத்திமூணாம் நம்பர். போனதும் உள்ள அம்பத்திரண்டு.”

ஒரு கணம் என்னைப் பார்த்தான். “உள்ள அம்பத்திரண்டு,” என்றான். லீவரைத் தொட்டான்.

முதல் இரண்டு மீட்டர் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அவன் உதட்டைப் பிதுக்கினான். மூன்று. மேடம் பின்னால் நின்று கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். நான்காவது மீட்டர் முடிகிறபோது கால் அடியில் தளம் அதிர்ந்தது. மேசைமேல் இருந்த பேனா மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்தது. கீழே சல்லடைப் பக்கம் சத்தம் ஒரு கட்டை இறங்கியது. அளவுமானி முள் ஏறுவதற்குள் அவன் கை லீவரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டிருந்தது.

“கல்லு,” என்றான்.

மேடம் கீழே ஓடிப்போய்ச் சல்லடையிலிருந்து ஒரு சிட்டிகை அள்ளி விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். மேலே அண்ணாந்து, நறநறக்கிறது என்று விரல்களை ஆட்டிக் காட்டினார். மீதி எட்டு மீட்டருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. அந்த முக்கால் மணி நேரமும் நான் அங்கேயே நின்றேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அவன் போகச் சொல்லவும் இல்லை.

சிமெண்ட் முழுதும் உள்ளே போய், அழுத்தம் பிடித்து நின்றபோது மணி ஆறாக இன்னும் சற்று இருந்தது. வெளிச்சம் நன்றாக இருந்தது. மேடம் ஒரு தாளை எடுத்துவந்து என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நடந்தது நடந்தபடியே எழுதியிருந்தது. என் பெயரும் இருந்தது. கரையிலிருந்து என்ன பதில் வரும் என்று கேட்டேன். தெரியாது என்றார் உண்மையாகவே. அடுத்த முறை ரிக்குக்கு வரும் ஹெலிகாப்டரில் எனக்கு இடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோதுகூட, நாலு மாதமாகத் தோளில் கிடந்த ஒரு மூட்டை காணாமல் போயிருந்ததைத்தான் நான் உணர்ந்தேன். அப்பாடா என்றிருந்தது. சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, மேடம் சிரித்துக்கொண்டே போனார்.

மிச்சமிருந்தவற்றை எண்ணக் குழாய்த் தளத்துக்கு வந்தேன். நல்லது ஐந்து, கெட்டது ஒன்று. மச்சான் இரண்டு காகிதக் கோப்பைகளில் தேநீரோடு படியிறங்கி வந்தான். நான்கு மாதத்தில் அவன் இந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. நேரே போய் முப்பத்தொன்றின் மேல் உட்கார்ந்தான். பிறகு ஒரு ஆள் உட்காருமளவுக்கு நகர்ந்துகொண்டான். நானும் உட்கார்ந்தேன். வெயில் தாழ்ந்தும் இரும்பின் சூடு இன்னும் போகவில்லை.

அவன் சிவப்பு வளையத்தை நகத்தால் சுரண்டினான்.

“இதையும் போய் வீட்ல சொல்லிடாத, மாப்ள.”

சரி என்று தலையை ஆட்டினேன். அவன் தன் கோப்பையை எங்கள் இருவருக்கும் நடுவே குழாயின்மேல் வைக்கப் பார்த்தான். உருண்டைக் குழாயில் அது நிற்கவில்லை, சரிந்து கொஞ்சம் தேநீர் சிந்தியது. மேல் பாக்கெட்டில் கையை விட்டு, வேர்வையில் ஊறி மடிப்பெல்லாம் நைந்துபோன ஒரு கவரை எடுத்தான். அதை நான்காக மடித்து, கோப்பை சரியும் பக்கமாக அடியில் செருகினான். கையை எடுத்துப் பார்த்தான். நின்றது. கோப்பையின் ஈரம் ஒரு பழுப்பு வளையமாகக் கவரின்மேல் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.